தடையா, துப்பறிவதா, அனுமதியா? ஒரு மலைப்பள்ளி ஏஐ விதி எழுதுகிறது

ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் பையன் நான்கு பத்தி எழுதி வந்தான். ஒரு சந்திப்பிழைகூட இல்லை. பச்சைப் பசேலென்ற நெல்வயல்கள், சலசலத்து ஓடும் வாய்க்கால், ஏர் பூட்டிப் போகும் உழவர்கள் என்று போனது கட்டுரை. அவன் வீட்டு வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். நடுநடுவே கொஞ்சம் கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. இந்த நீலகிரி மாவட்டத்தில் நெல்லைப் பார்க்க வேண்டுமானால் கூடலூர்ப் பக்கம் போக வேண்டும். அவன் அங்கே போனதே இல்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டு, "உங்க ஊரைப் பத்தி வாயால சொல்லுப்பா" என்றேன். படுகு மொழியும் தமிழும் கலந்து பத்து நிமிடம் சொன்னான். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு நடந்து போவதைச் சொன்னான். உறைபனி விழுந்த ஒரு ஜனவரிக் காலையில் கொழுந்தெல்லாம் கருகிப்போய், அப்பா யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான்.

"இதையெல்லாம் ஏன் எழுதலை?"

"அது கட்டுரை மாதிரி இல்லீங்கய்யா."

இந்தப் பதில் என்னை விடவே இல்லை. கணினி எழுதிக் கொடுத்ததைவிட, தன் ஊரும் தன் அப்பாவும் கட்டுரைக்கு ஆகாது என்று அந்தப் பிள்ளை நம்பியதுதான் எனக்குப் பெரிய கவலை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டுக்கு ஒரு விதி எழுதித் தரும்படி எங்கள் ஐந்து ஆசிரியர்களிடம் பொறுப்பு வந்தபோது, அந்தக் கட்டுரை நோட்டை நான் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. முற்றாகத் தடை செய்வது, பிள்ளைகள் எழுதுவதைச் சாஃப்ட்வேர் வைத்துச் சோதிப்பது, ஆசிரியர்களுக்கு மட்டும் அனுமதிப்பது, மாணவர்கள் சொல்லிவிட்டுப் பயன்படுத்த விடுவது. நான்கையும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பள்ளிகள் மலையிலும் சமவெளியிலும் நிறைய இருக்கும்.

தடை எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்கும் அதுதான் தோன்றியது. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. 2023 ஜனவரியிலேயே அங்கே பள்ளி இணையத்தில் அதை அடைத்துவிட்டார்கள். மே மாதம் திறந்தும் விட்டார்கள். நான்கு மாதம்தான் தாங்கியது.

எங்கள் நிலைமை இன்னும் வேறு. பள்ளிக்குள் செல்போனுக்கு ஏற்கெனவே அனுமதி இல்லை. ஆகவே இங்கே தடை என்றால் வீட்டில் தடை என்றுதான் பொருள். அதைப் பார்க்கிற கண் யாரிடமும் இல்லை. 2024 ஜூன் முதல் இந்தியாவில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ வந்துவிட்டது. பிள்ளை எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. அம்மாவின் போனில், கொழுந்து எடை போட்ட கணக்கு வரும் அதே இடத்தில், நீல வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட்டால் கட்டுரை வரும்.

ஆனாலும் தடையை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. சின்ன வகுப்புகளுக்கு அது நியாயம். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சாட்ஜிபிடியின் சொந்த விதிமுறையே 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கவே இப்போதுதான் கை பழகுகிறது. அந்தப் பழக்கத்தின் குறுக்கே இன்னொன்றை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எட்டு வரை கிடையாது என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. வீட்டுப்பாடத்தைக் குறைத்து, எழுத வேண்டியதை வகுப்பிலேயே எழுத வைத்தால் இந்த வயதில் தடை ஓரளவு நிற்கவும் செய்யும்.

அடுத்த வழியைப் பற்றி நிறையவே எழுத வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பங்கு உண்டு.

ஒருவர் எழுதியது மனிதர் எழுதியதா, கணினி எழுதியதா என்று சொல்வதாக நிறைய இணையதளங்கள் இருக்கின்றன. போன வருடம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணின் ஆங்கிலக் கட்டுரையை அப்படி ஒன்றில் போட்டுப் பார்த்தோம். ஏஐ எழுதியதுதான் என்று பெரும் சதவிகிதம் காட்டியது. வகுப்பாசிரியன் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண்ணை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் அழவில்லை. "ஒரு நிமிஷம் இருங்கய்யா" என்று போய் ரஃப் நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதிய பக்கங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்த ஸ்பெல்லிங்குகள். ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதி, எளிதாக இருந்ததை வட்டம் போட்டிருந்தாள். அவளுடைய தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், பாட்டியும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் மேசை கிடையாது. அந்த நோட்டு மடியில் வைத்து எழுதியது என்பது அதன் வளைந்த அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கை தூக்குவது குறைந்துவிட்டது. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் அப்படிக் காட்டியது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சோதனைக் கருவிகளில் பல, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பது எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்று பார்க்கின்றன. ஊகிக்க எளிதாக இருந்தால் கணினி எழுதியது என்கின்றன. ஆங்கிலத்தை இரண்டாவது, மூன்றாவது மொழியாகப் படிக்கிற பிள்ளை எப்படி எழுதும்? பாடப்புத்தகத்திலும் கைடிலும் படித்த வாக்கியங்களை வைத்து, தவறு வராத பழகிய சொற்களாகப் பார்த்து எழுதும். அது ஊகிக்க எளிதாகத்தான் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதப்பட்ட 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகள் அவை. சராசரியாக 61 சதவிகிதத்தைக் கணினி எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு.

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு சோதனைக் கருவியை வெளியிட்டது. கணினி எழுதியவற்றில் 26 சதவிகிதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவிகிதத்தைக் கணினியின் தலையில் கட்டியது. ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், காப்பியைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் மென்பொருளில் இருந்த ஏஐ கண்டுபிடிப்பு வசதியை நிறுத்தியது. செய்தவர்களாலேயே நம்ப முடியாத வகைக் கருவி ஒன்றை வைத்து நாங்கள் லயத்துப் பிள்ளை ஒருத்தியை விசாரித்திருக்கிறோம்.

நூறு பேர் கட்டுரை எழுதி, அதில் 9 பேர் மீது பொய்ப்பழி விழுந்தால் அந்த ஒன்பது பேர் யாராக இருப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்களாக இருக்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் கருவி கொஞ்சம் மேலாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் "நான்தான் எழுதினேன்" என்று நிரூபிக்கும் சுமையைப் பிள்ளையின் மேல் போடுகிற எந்த விதியும் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். மற்ற மூன்று வழிகளிலும் எடுத்துக்கொள்ளக் கொஞ்சமாவது இருந்தது. இதில் ஒன்றுமே இல்லை.

ஆசிரியர் மட்டும் பயன்படுத்துவது என்பது பார்க்கப் பத்திரமான வழி. உண்மையிலேயே உதவியும் இருக்கிறது. ஒரே வகுப்பில் படுகு பேசுகிற பிள்ளை, கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற பிள்ளை, மலையாளம் கலந்து பேசுகிற பிள்ளை, இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளை எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஒரே பாடத்துக்கு மூன்று நிலைகளில் பயிற்சித்தாள் தயாரிக்க முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். இப்போது அரை மணி நேரத்தில் வரைவு வந்துவிடுகிறது.

வரைவு என்று சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை நட்பு பற்றித் தேர்வுத்தாளுக்கு ஒரு குறள் கேட்டேன். கொடுத்தது. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று, எண்ணிக்கை கச்சிதம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தளை தட்டியது. 1330 குறளிலும் தேடினேன், இல்லை. கூடவே அதிகாரத்தின் பெயரும் குறள் எண்ணும் கொடுத்திருந்தது, கொஞ்சமும் தயங்காமல். தமிழாசிரியன் என்பதால் எனக்குக் காது சொல்லிவிட்டது. வேறு பாடக்காரர் யாராவது வரவேற்புரைக்கு எடுத்திருந்தால் அது மேடை ஏறியிருக்கும்.

ஆனால் இந்த வழியில் பெரிய ஆபத்து தப்பான குறள் அல்ல. பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், சாதிச் சான்று விவரம், விடைத்தாள் போட்டோ எல்லாம் ஆசிரியர் கையில் இருக்கின்றன. "இந்த நாற்பது பேர் மதிப்பெண்ணை வைத்து ரிப்போர்ட் எழுதிக் கொடு" என்று அப்படியே ஏற்றிவிடுவது ஒரு நொடி வேலை. 2022-இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் உரிமையைப் பாதிக்கிற விதத்தில் அவர்களின் தகவல்களைக் கையாண்டிருந்தன. நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளில் கல்வி நிறுவனங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. அதை நம்பி ஆசிரியர்கள் தங்கள் சொந்த போனிலிருந்து விடைத்தாள்களை ஏற்றலாம் என்று நான் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

அதைவிடவும் எனக்கு அச்சம் தருவது மதிப்பெண். விடைத்தாளைக் கணினியே திருத்திவிடும் என்று விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளை ஒரு கணக்கீட்டு முறை மாற்றி அமைத்தது. ஏறத்தாழ 40 சதவிகிதம் கிரேடுகள் இறங்கின. ஒரு பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாறும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்ததால், முன்பு குறைவாக எடுத்த பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை அடிபட்டது. பாடத்துக்கு நாலைந்து பேர் மட்டும் இருந்த வகுப்புகளில் ஆசிரியர் கணிப்பே நின்றதால் தனியார் பள்ளிகளுக்கு அது சாதகமாகப் போனது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அது இன்றைய ஏஐ கூட இல்லை, வெறும் புள்ளியியல் கணக்கு. எங்கள் பள்ளியின் பழைய தேர்ச்சி விகிதத்தை வைத்து லயத்துப் பெண்ணின் மதிப்பெண்ணை யாராவது தீர்மானித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் பிடித்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய ஏஐ சட்டத்தில், பள்ளிச் சேர்க்கையைத் தீர்மானிப்பது, கற்றலை மதிப்பிடுவது, தேர்வில் காப்பியடிப்பதைக் கண்காணிப்பது ஆகியவற்றுக்கான கருவிகள் 'அதிக ஆபத்து' என்ற பட்டியலில் இருக்கின்றன. வகுப்பறையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதன் மனநிலையைக் கணிப்பது, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர, 2025 பிப்ரவரி முதல் அடியோடு தடை. நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை 2020-லேயே தமிழ்நாடு வெளியிட்டது. ஆனால் அது அரசுத் துறைகளைப் பார்த்து எழுதப்பட்டது. ஆசிரியர் அறை வரை அதை இறக்கி எழுத வேண்டியது எங்கள் வேலை.

நாலாவது வழி, மாணவர்களுக்குத் திறந்துவிட்டுச் சொல்லச் சொல்வது. இதில் என் மனம் முதலில் ஒட்டவில்லை. மாற்றியவர் எங்கள் இயற்பியல் ஆசிரியர்.

"சார், டவுன் பிள்ளைக்கு டியூஷன் இருக்கு. குந்தாவிலிருந்து வர்ற பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தா யாரைக் கேட்கும்?" என்றார். அவர் வகுப்பில் ஒரு பையன் மின்காந்தத் தூண்டலைத் தமிழில் நாலு தரம் கேட்டு, ஐந்தாவது தரம் புரிந்துகொண்டிருக்கிறான். அத்தனை முறை வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டிருப்பான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கோச்சிங் சென்டர் என்றால் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும் என்கிற பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே துணையை நான் எப்படிப் பிடுங்குவது?

அதேசமயம் துருக்கியில் நடந்த ஒரு சோதனையையும் மறக்க முடியவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர், கணக்குப் பாடம். ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் 48 சதவிகிதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவிகிதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த கருவி. பயிற்சியில் அவர்கள் 127 சதவிகிதம் கூடுதல். தேர்வில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆக, விடை கேட்கிறதா குறிப்பு கேட்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியரின் வகுப்புப் பையன் செய்தது இரண்டாவது வகை. 'எங்கள் ஊர்' எழுதிய பையன் செய்தது முதல் வகை.

இதைப் பார்த்த பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அனுமதி என்று முடிவு செய்தோம், பெற்றோர் கையெழுத்தோடு. மதிப்பெண்ணுக்கான வேலை என்றால் கணினி ஆய்வகத்தில் மட்டும், எல்லோருக்கும் ஒரே நேரம். வீட்டில் நல்ல போன் வைத்திருக்கும் பிள்ளை அதனால் முந்திவிடக் கூடாது. மழைக்காலத்தில் எங்கள் ஆய்வக இணையம் மூடுபனியோடு சேர்ந்து காணாமல் போய்விடும். அன்றைக்குப் பேனாவும் தாளும்தான். ஏஐ இல்லாமல் செய்ய முடியாத பிராஜெக்ட் எதையும் யாரும் கொடுக்கக் கூடாது. பயன்படுத்தினால் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன கேட்டேன், அது சொன்னதில் எது தப்பு, நான் எதை மாற்றினேன். இப்படி உண்மையைச் சொன்னதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாது. இந்த ஒரு வாக்கியத்தை விதியில் சேர்க்கத்தான் அதிக நேரம் வாதாடினேன். சொன்னால் அடி விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை சொல்லும்?

வாய்மொழி பற்றியும் சொல்ல வேண்டும். எழுதித் தந்ததைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையோடும் மூன்று நிமிடம் பேசுவது என்று வைத்தோம். நேரம் எங்கே என்று உடனே கேள்வி வந்தது. 42 பேர் உள்ள வகுப்புக்கு 126 நிமிடம், நாற்பது நிமிடப் பாடவேளையில் மூன்றுக்குச் சற்று மேல். பருவத்துக்கு ஒருமுறை என்றால் முடியாத காரியம் இல்லை. கட்டுரை நோட்டுக் கட்டைச் சுமந்துபோய் வீட்டில் சிவப்பு மையால் திருத்துகிற நேரத்தில் பாதியை இதற்குத் தரலாம். திக்கிப் பேசுகிற பிள்ளைக்கும், தமிழ் இன்னும் கைகூடாத பிள்ளைக்கும் வாய்மொழி இன்னொரு விசாரணையாகிவிடக் கூடாது என்பதால், இதில் மதிப்பெண் கூட்டலாம், குறைக்கக் கூடாது. படுகிலோ இருளர் மொழியிலோ சொன்னால் புரிந்த தோழன் ஒருவன் தமிழில் சொல்லலாம். அந்தப் பையன் தன் ஊரைச் சொன்னதும் அப்படித்தானே?

ஆசிரியர்களுக்கான பகுதியை விதியின் முதல் பக்கத்தில் வைத்தோம், பிள்ளைகளுக்கானதை இரண்டாம் பக்கத்தில். பெயரும் மதிப்பெண்ணும் விடைத்தாளும் எந்தக் கருவியிலும் ஏறாது. மதிப்பெண்ணை மனிதர்தான் போடுவார், அதற்குக் காரணமும் அவரே சொல்வார். ஏஐ துணையோடு செய்த வினாத்தாளில் அப்படி என்று அடியில் எழுதுவோம். மூன்று வரி எழுதச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்கிறோம், ஒரு வரியாவது நாங்கள் எழுத வேண்டாமா? வரைவைப் படித்ததும் ஒரு சக ஆசிரியர், "நம்மளையே சந்தேகப்படற மாதிரி இருக்கே சார்" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை மாற்றவில்லை.

ஒரே ஒரு வரி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. வரைவைப் பெற்றோர் சிலரிடம் வாசித்துக் காட்டியபோது, ஹட்டியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "எங்க மாமியார் பாடற பாட்டை என் பொண்ணு போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கா சார். பிராஜெக்ட்டுன்னு அதையும் அதுல போட்டுடுவாளா? சாவுக்குப் பாடற பாட்டும் அதுல இருக்கு."

படுகு பள்ளி ஏட்டில் இல்லை. அந்தப் பாட்டி வாயில்தான் இருக்கிறது. கருவியில் ஏற்றினால் ஒருவேளை அது படுகு கற்றுக்கொள்ளும், அந்த மொழிக்கு நல்லதுதானே என்று இளைய ஆசிரியர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் சாவு வீட்டில் மட்டும் பாடுகிற பாட்டை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் இல்லை. பாட்டியைக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அந்த அம்மாவோடு ஹட்டிக்குப் போகிறேன்.